தைத்த பற்றுச்சீட்டு

நான் முதன்முதலில் ஊசி பிடித்தது எங்கள் வீட்டுத் துணிக்காக அல்ல. டீச்சரம்மா வீட்டுத் துணிக்காக. எங்கள் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியார் ஒருவர்தான். அவருடைய மனைவியை டீச்சரம்மா என்போம். ஹட்டனில் மிஷன் பள்ளியில் படித்த வேதக்காரப் பெண்மணி. லயம் என்கிற வரிசை வீடுகளில் இருந்த பெண்பிள்ளைகள் கைவேலை தெரியாமல் வளர்வது அவருக்குப் பொறுக்கவில்லையாம். வெள்ளிக்கிழமை பிற்பகலில் எங்களுக்குத் தையல் பாடம் என்று வைத்தார். பாடம் தொடங்கும்போது அவர் வீட்டிலிருந்து ஒரு கூடை நிறையக் கிழிசல் வரும். பாடம் முடியும்போது கிழிசலெல்லாம் சீராகி அவர் வீட்டுக்கே திரும்பும். கற்றுக்கொடுத்த புண்ணியமும் அவருக்கு, தைத்த துணியும் அவருக்கு. நாங்கள் வெறுங்கையை வீசிக்கொண்டு லயத்துக்குப் போவோம்.

பன்னிரண்டு பிள்ளைகளுக்கு ஐந்து ஊசி. தொடங்குமுன் எண்ணுவார், முடிந்ததும் எண்ணுவார். ஒருமுறை ஒன்று குறைந்தது. பன்னிரண்டு பேரையும் எழுப்பி நிறுத்திப் பாவாடையை உதறச் சொன்னார். தலைமுடிக்குள்ளும் தேடினார். கடைசியில் ஊசி அவர் மடியில் கிடந்த தலையணை உறையிலேயே குத்தியிருந்தது. சரி, போங்கள் என்றார். அவ்வளவுதான்.

ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும், எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. முதலில் ஓட்டுத்தையல், ஊசி துணிக்குள் முங்கி எழுந்து போவது. கை பழகியதும் கெட்டித்தையல், ஓர் அடி முன்னே போய் அரை அடி பின்னே வந்து போடுவது. பிறகு ஓரத்தை மடித்து, வெளியே நூல் தெரியாமல் அடிப்பது. கடைசியில் இழையோட்டம். ஓட்டை விழுந்த இடத்தில் நூலை நெடுக்கே ஓட்டி, குறுக்கே ஒன்றுவிட்டு ஒன்று கோத்து, இல்லாத துணியை உண்டாக்குவது. வாத்தியாரின் காலுறைக் குதிகாலில் அதைச் செய்து முடித்தபோது, விரலால் தடவினால்கூட இடம் தெரியவில்லை. டீச்சரம்மா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, ஹட்டனில் கன்னியர்மடத்துத் தையல் பள்ளியில் தோட்டத்துப் பிள்ளைகளையும் எடுக்கிறார்கள், பதின்மூன்று வயதானதும் உன் அப்பா கையெழுத்து வைத்தால் நான் கடிதம் தருகிறேன் என்றார். அப்போது எனக்குப் பன்னிரண்டு நடந்துகொண்டிருந்தது. அந்த ஒரு வார்த்தைக்காக அவர் வீட்டுக் கிழிசல்களையெல்லாம் மன்னித்துவிட்டேன்.

வீட்டிலும் ஊசிக்கு வேலை இருந்தது. அம்மா கொழுந்தெடுத்துத் தேய்ந்த கைக்காரி. விரல் நுனிகள் கறுத்து, வெடித்து, காய்த்துப் போயிருந்தன. கொதிக்கிற சட்டியை வெறுங்கையால் இறக்குவாள், சுடாது. அதே விரலுக்கு மெல்லிய ஊசி கையில் இருக்கிறதா இல்லையா என்றும் தெரியாது. பிடித்துப் பிடித்து நழுவவிடுவாள். அதனால் அவள் இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கு, மழைக்குத் தலையில் போடுகிற கம்பளி, அப்பாவின் சட்டை எல்லாம் என் பொறுப்பாயின. சாக்குக்குக் கோணி ஊசி இருந்தது. துணிக்கு ஊசி இல்லை. சிவனொளிபாதமலை யாத்திரைப் பருவத்தில் நல்லதண்ணிக் கடைகளுக்குப் போன அப்பா, நான் கெஞ்சியதற்காக ஒரு பொட்டலம் ஊசி வாங்கி வந்தார். எங்கள் ஈரத்தில் எதுவும் துருப்பிடிக்கும். மெழுகுவர்த்தித் துண்டில் குத்தி வைத்தேன். தைக்குமுன் எண்ணெய்த் தலையில் ஒரு தேய்ப்பு. நூலுக்குப் பஞ்சமில்லை. கோதுமை மா மூட்டையின் வாயைத் தைத்திருக்கும் நூலில் சரியான நுனியைப் பிடித்து இழுத்தால் சரசரவென்று முழுதும் கழன்று வரும். பிழையான நுனியை இழுத்தால் முடிச்சுத்தான் மிஞ்சும். எது சரியான நுனி என்பது லயத்தில் எனக்கு மட்டும் தெரியும் என்று எனக்கொரு கர்வம் இருந்தது.

அந்தக் காலத்தில்தான் பிரஜாவுரிமைப் பேச்சு வந்தது. எங்களுக்கு இருந்த வாக்குரிமையைப் பிடுங்கிக்கொண்டார்கள். பிறகு, இத்தனை வருஷம் இந்த நாட்டில் தொடர்ந்து இருந்தோம் என்று காட்டுகிறவர்கள் மனுப் போடலாம் என்றார்கள். மலையை வெட்டித் தேயிலை வைத்தவர்கள், இங்கேதான் இருந்தோம் என்று கடதாசியில் காட்ட வேண்டும். அப்பாவும் மனுப் போட்டார். நாங்கள் இந்த நாட்டுக்காரர்களா இல்லையா என்பது ஒரு தகரப் பெட்டிக்குள் இருந்தது.

பெட்டிக்குள் முக்கியமான கடதாசி ஒன்றுதான். அப்பா வாலிபத்தில் வேலை செய்த பழைய தோட்டத்திலிருந்து விலகி வந்தபோது, அந்தத் தோட்டத்துத் துரை கொடுத்த பற்றுச்சீட்டு. அப்பா இந்த நாட்டில் எப்போதிருந்து இருக்கிறார் என்பதற்கு வேறு சாட்சி கிடையாது. நாலாக மடித்து மடித்து, எங்கள் ஈரத்தில் ஊறி, மடிப்பெல்லாம் விட்டுப்போய் நாலு துண்டாகக் கிடந்தது. விசாரணைக்கு அழைப்பு வந்த அன்று பெட்டியைத் திறந்த அப்பா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

ஒட்டலாம் என்றால் மாப்பசைதான் இருந்தது. மேல் லயத்தில் ஒருவர் தன் பிறப்புச் சான்றிதழை மாப்பசையால் ஒட்டிப் பரணில் வைத்தார். பசை ருசிக்குக் கரப்பான் பூச்சி வந்து, பசையோடு எழுத்தையும் தின்றுவிட்டுப் போனது. அந்தக் கதை தோட்டம் முழுக்கத் தெரியும். அதனால் பசை என்ற பேச்சையே அப்பா எடுக்கவில்லை. நான்தான் தைத்துத் தருகிறேன் என்றேன். எங்களுக்கு அது கிறுக்குத்தனமாகத் தோன்றவில்லை. கிழிந்தால் தைப்பது. எங்களிடம் இருந்த எல்லாவற்றுக்கும் அதுதான் வைத்தியம்.

முதலில் பள்ளிக்கூடக் கொப்பித் தாளைக் கிழித்துத் தைத்துப் பார்த்தேன். தையல் நெருக்கமாக விழுந்தால் தாள் அந்த வரிசையிலேயே பிய்ந்து வருகிறது. தள்ளித் தள்ளிப் போட வேண்டும் என்று கண்டுகொண்டேன். அடியில் துணி கொடுத்தால் இழுப்பைத் துணி தாங்கும். அப்பாவின் பழைய வேட்டியில் மெல்லிய இடமாகப் பார்த்து வெட்டினேன். நாலு துண்டையும் அதன்மேல் பொருத்தினேன். பின்பக்கத்தில் தோட்டத்து முத்திரை இருந்தது. துணி அதை மறைத்துவிடும் என்று, முத்திரை தெரிகிற அளவுக்கு ஒரு துளை வெட்டி, பொத்தான் துளைக்கு ஓரம் அடிக்கிற மாதிரி அதற்கும் அடித்தேன். எழுத்தின்மேல் நூல் படாமல் ஒவ்வொரு தையலுக்கும் இடம் தேடினேன். ஒரே ஓர் இடத்தில் தப்ப முடியவில்லை. நடு மடிப்பு வருஷத்தின் எண்ணைப் பிளந்துகொண்டு போயிருந்தது. அங்கே தைக்காவிட்டால் இரண்டு பாதியும் சேராது. ஒரு நூல் அந்த எண்ணின் குறுக்கே விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்தவள் வெயில் சாயும்போது எழுந்தேன்.

அப்பா அதை இரண்டு கையாலும் ஏந்திப் பார்த்தார். விரித்தார், மடித்தார், மறுபடி விரித்தார். லயத்தில் எங்கள் அறைக்கு அடுத்த காம்பராவில் ஒரு பெரியம்மா இருந்தார். சொந்தமில்லை, முறை வைத்துக் கூப்பிடுவோம். அவரைக் கூப்பிட்டுக் காட்டினார். எம்மக தச்சது என்று அப்பா சொன்னதை நான் முதலும் கடைசியுமாகக் கேட்டது அன்றைக்குத்தான். மறுநாளே பெரியம்மா தன் வீட்டுக் கடதாசியைக் கொண்டுவந்தார். அதற்குப் பிறகு இன்னும் இரண்டு வீட்டுக்காரர்கள். எல்லாவற்றையும் தைத்தேன். என்னைப்போல் ஒரு பெரிய மனுஷி அந்த லயத்தில் அப்போது இல்லை.

விசாரணைக்கு அப்பாவோடு அம்மாவும் நானும் போனோம். ஆபீசு விறாந்தையில் எங்களை உட்காரச் சொல்லிவிட்டு அப்பாவை மட்டும் உள்ளே விட்டார்கள். கதவு பாதி திறந்திருந்தது. மேசைக்குப் பின்னால் ஓர் அதிகாரி, பக்கத்தில் மொழிபெயர்ப்பவர். அதிகாரி என் தையலைக் கையில் எடுத்தார். சன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். முத்திரைக்கு நான் வெட்டிய துளைக்குள் ஒரு விரலை விட்டு ஆட்டிக் காட்டினார். இரண்டு பேரும் சிரித்தார்கள். அப்பாவும் கூடச் சேர்ந்து சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. அதற்குப் பிறகு அதிகாரி பெரிய புத்தகம் ஒன்றைத் திறந்து விரலால் வரிசை பிடித்துக்கொண்டு நிறையக் கேட்டார். அப்பா தலையைக் குனிந்தபடி பதில் சொன்னார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. என் கண் அந்தத் துளையிலேயே இருந்தது.

வெளியே வந்த அப்பா அம்மாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

"தச்ச கடதாசி செல்லாதாம்."

லயத்துக்கு வந்ததும் அப்பா மெழுகுவர்த்தித் துண்டோடு என் ஊசிகளை எடுத்துப் பின்பக்கச் சாக்கடைக் கானில் வீசினார். சில மாதம் கழித்து ஆபீசிலிருந்து இங்கிலீசில் ஒரு நீளமான கடிதம் வந்தது. மனுத் தள்ளுபடி என்று தோட்டத்தை மேற்பார்க்கிற கண்டாக்கையா சொல்லி அனுப்பினார். அதற்கு மேல் படித்துக் காட்ட எங்கள் லயத்தில் யாருக்கும் இங்கிலீசு தெரியாது. அப்பா அதைப் பெட்டியில் போட்டுப் பூட்டினார். கேட்டவர்களுக்கெல்லாம், புள்ள தச்சுக் கெடுத்துட்டா என்றார்.

பக்கத்துக் காம்பராப் பெரியம்மா அந்தக் கடிதம் வருமுன்பே வந்துவிட்டார். தன் கடதாசியை என் முன்னால் வைத்து, "பிரிச்சுத் தந்துரு, எங்களையும் நாடு கடத்திராத" என்றார். ஊசி இல்லை. ஊக்கின் முனையால் ஒவ்வொரு தையலாகத் தூக்கி அறுத்தேன். தைத்தபோது தாங்கிய தாள் பிரித்தபோது தாங்கவில்லை. துளையும் பிசிறுமாக, முன்பு நாலு துண்டாக வந்தது ஏழு துண்டாகப் போனது. பெரியம்மா அதை முந்தானையில் முடிந்துகொண்டு போனார். மற்ற இரண்டு வீட்டாரும் வந்தார்கள். தண்ணீர் பிடிக்கிற பீலிக்கு நான் போனால் பேச்சு நிற்கும். கடதாசி தச்சவ என்று எனக்கொரு பெயர் விழுந்தது. அது பல வருஷம் போகவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் காதுவரை போயிற்று.

பதின்மூன்று வயதானதும் டீச்சரம்மா சொன்னபடி கடிதம் கொடுத்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார் என்பதை நான் மறுக்க முடியாது. அப்பா கையெழுத்து மட்டும்தான் வேண்டியிருந்தது. கடிதத்தை நீட்டினேன். நீ தச்சுக் கிழிச்சது போதும் என்று சொல்லி அதை அடுப்பில் போட்டார். அடுத்த வாரமே சிறுபிள்ளைகளுக்கான சம்பளத்தில் எனக்குப் பேர் பதிந்தார்கள். பள்ளிக்கூடம் நின்றது. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் அம்மாவுக்குப் பின்னால் கூடையோடு நின்றேன். இரண்டு வருஷத்தில் என் விரலும் கறுத்தது.

அத்தனை பேரும் என்னைத் திட்டினார்கள். அம்மா மட்டும் திட்டவில்லை. ஒரு நாளும், ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. மலையில் மழைக்கு ஒதுங்கும்போது நான் தைத்த கம்பளிக்குள் என்னையும் இழுத்துக்கொள்வாள். அந்தச் சின்ன வயதில் என்னை நிமிர்த்தி வைத்திருந்தது அது ஒன்றுதான். உலகமே ஒரு பக்கம் நின்றாலும் அம்மா என் பக்கம் என்று நம்பினேன். அவள் ஓய்ந்து உட்காரும்போது சொல்கிற கதையும் எனக்குப் பிடிக்கும். நான் வயிற்றில் இருந்தபோது அப்பா நிலப் பங்கு விஷயமாக இந்தியாவில் இருக்கிற ஊருக்குப் போனாராம். திரும்பி வரவிடாமல் அந்தப் பக்கம் வழியை மறித்துவிட்டார்களாம். அவர் வந்து சேர்ந்தபோது நான் நடந்து பழகியிருந்தேனாம். அப்பாவைப் பார்த்ததும் பயந்து, வீல் என்று கத்திக்கொண்டு பெட்டிக்குப் பின்னால் ஒளிந்தேனாம். நானும் ஒவ்வொரு தடவையும் சிரிப்பேன். அந்தக் கதைக்குள் என்ன இருக்கிறதென்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

அதே தோட்டத்தில்தான் கல்யாணமாயிற்று. இரண்டு லயம் தள்ளி. எனக்குக் கையில் பிள்ளை இருந்த சமயம், இலங்கை, இந்தியா இரண்டு நாட்டுப் பிரதமர்களும் எங்களை ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு போட்டுக்கொண்டார்கள். எந்தப் பக்கம் மனுப் போடுவது என்று மலையெல்லாம் அதே பேச்சு. என் வீட்டுக்காரர் பழைய கடதாசிகளைக் காட்டி யோசனை கேட்டு வரச் சொன்னார். அப்பா நெஞ்சுச்சளியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார். அம்மா தகரப் பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்ததை அப்படியே என் மடியில் போட்டாள். ஹட்டனில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் பெட்டிசம், அதாவது மனு, எழுதிக்கொடுக்கிறவர் ஒருவர் இருந்தார். அவர் முன்னால் எல்லாவற்றையும் பரப்பினேன். தைத்த சீட்டும் இருந்தது. வெட்கத்தோடு, இதனால்தான் எங்கள் மனுப் போயிற்று என்றேன்.

அவர் இங்கிலீசுக் கடிதத்தை எடுத்து இரண்டு பக்கமும் படித்தார். யார் அப்படிச் சொன்னது என்று கேட்டார். பிறகு தமிழில் நிதானமாகச் சொன்னார். மனுதாரர் நாட்டை விட்டுப் போகவேயில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். வேலையாட்களின் பேர் பதிகிற தோட்டத்துச் செக்ரோல் புத்தகத்தில் பதினாலு மாதம் அவர் பேர் இல்லை. கேட்டதற்கு இந்தியாவில் இருந்ததாக ஒப்புக்கொண்டார். ஒரே மூச்சில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தவருக்கு உரிமை கிடையாது. ஆகவே மனுத் தள்ளப்படுகிறது.

தையலைப்பற்றி ஒன்றுமில்லையா என்று கேட்டேன்.

அவர் ஒரு வரியைத் தேடி விரல் வைத்தார். "இருக்கு. சீட்டு நைந்துபோய் நூலால் தைச்சிருக்கு, ஆனா எழுத்தும் முத்திரையும் தெளிவா இருக்கிறதால சாட்சியா ஏத்துக்கிட்டோம்னு போட்டிருக்காங்கம்மா."

ஏற்றுக்கொண்டார்கள். நான் வெட்டிய துளை வழியாக முத்திரையைப் பார்த்துத்தான் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். எண்ணின் குறுக்கே விழுந்த அந்த ஒரு நூலை மனதுக்குள் எத்தனை ஆயிரம் தடவை பிரித்திருப்பேன். அது யாரையும் உறுத்தவில்லை. பஸ்ஸில் வரும்போது எனக்கு அழுகை வரவில்லை. டீச்சரம்மாவின் கடிதத்தை அடுப்பில் போட்ட அப்பாவின் கைதான் திரும்பத் திரும்ப வந்தது.

அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து லயத்து வாசலில் வெயிலுக்கு உட்கார்ந்திருந்த ஒரு காலையில் கேட்டேன். சீட்டை அவர் மடியில் வைத்துவிட்டு, "அப்பா, இது செல்லும்னு அன்னைக்கே ஒங்களுக்குத் தெரியும்தானே?" என்றேன்.

அவர் சீட்டைத் தொடவில்லை. நெடுநேரம் இருமினார். பிறகு, தெரியும் என்றார். பொய் சொன்னதாலேதான் போச்சு என்று தெரிந்தால், பிள்ளைத்தாய்ச்சியை விட்டுவிட்டு நிலத்துக்காக ஊரில் போய் உட்கார்ந்தவன் என்று லயமே காறித் துப்பியிருக்கும் என்றார். "நீ சின்னப் புள்ள. ஒன்னைய யாரு என்ன சொல்லிறப் போறாங்கன்னு நெனச்சேன்."

அவரை நான் வெறுத்தேன். நோயாளி என்று பார்க்கவில்லை. ஆனால் அந்த வெறுப்பு எனக்குப் பழகியதாகத்தான் இருந்தது. என் உள்ளுக்குள் எங்கேயோ அது முன்பே இருந்திருக்க வேண்டும். அடுப்படிக்குப் போனேன். அம்மா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். வெளியே பேசியது எல்லாம் கேட்டிருக்கும். ஒரு சுவர்தான்.

"அம்மா, ஒனக்கும் தெரியுமா?"

ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். வெறுங்கையால்தான். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"அதுனாலதானே நான் ஒன்னைய ஒரு நாளும் திட்டல."

அன்றைக்கு என்னிடம் மிச்சமிருந்ததும் போயிற்று. அப்பாவின் பொய் என் பள்ளிக்கூடத்தை எடுத்தது, பெயரை எடுத்தது. அம்மாவின் அந்த ஒரு வாக்கியம், மழையில் அவள் கம்பளிக்குள் நான் நின்ற நாட்களையெல்லாம் எடுத்துக்கொண்டது. உண்மையைத் தெரிந்துவைத்துக்கொண்டேதான் என்னை அணைத்துக்கொண்டாள். வாயைத் திறந்திருந்தால் நான் ஹட்டனுக்குப் போயிருப்பேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா அப்பாவின் சட்டையைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். தோளில் தையல் விட்டுப்போயிருந்தது. வழக்கமாக என்னிடம்தான் வரும். கல்யாணத்துக்குப் பிறகு நான் மறுபடி ஊசி வாங்கியிருந்தேன். அம்மாவை உட்காரச் சொன்னேன். ஊசியை எண்ணெய்த் தலையில் ஒரு தேய்ப்புத் தேய்த்தேன். நூல் கோத்தேன், நுனியில் முடிச்சுப் போட்டேன். அதை அம்மாவின் கையில் கொடுத்து, நீயே தை என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு சட்டையை மடியில் விரித்துக்கொண்டாள். ஊசி அவள் விரலுக்குப் பிடிபடவில்லை. முதல் குத்திலேயே நழுவியது. பாயில் தடவித் தடவித் தேடி எடுத்தாள். மறுபடி விழுந்தது. ஊசி எங்கே கிடந்ததென்று எனக்குத் தெரிந்தது. அவள் முழங்காலுக்குப் பக்கத்தில், வெளிச்சம் பட்டு மின்னிக்கொண்டிருந்தது. நான் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.